கவிழ்த்து வைத்த பூட்ஸ்

வெர்லீன் யாரையும் நம்ப மாட்டாள். எழுபத்தொரு வயது. அரிசோனாப் பாலைவனத்தில் எங்கள் ஏரிப் பூங்காவின் முகாம் கண்காணிப்பாளர். சம்பளம் கிடையாது. கழிப்பறைகளைக் கழுவி, யார் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்வாள். பதிலுக்கு அவளுடைய பழைய டிரெய்லரை முதலாம் எண் திடலில் நிறுத்திக்கொள்ளலாம். வேறு வீடு அவளுக்கு இல்லை. மற்றவர்கள் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி.

அந்த வியாழக்கிழமை இருபத்தேழாம் எண் திடலின் கம்பத்தில், தங்க வருகிறவர்களே எழுதி மாட்டும் சீட்டு ஒன்று புதிதாகத் தொங்கியது. புதுப் பெயர், ஊர் மின்னசோட்டா, முந்தின நாள்தான் வந்ததாகத் தேதி. ஆனால் கூடாரத்துக்கு வெளியே இரண்டு குச்சிகள் நட்டு, பூட்ஸ் கவிழ்த்து மாட்டியிருந்தது. நேற்று வந்தவன் பூட்ஸை வாசலில் கழற்றிப் போடுவான். தேளோடு குடியிருந்து பழகியவன்தான் கவிழ்த்து வைப்பான்.

நாள் முழுக்க அந்தக் கூடாரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருடனாக இருப்பான், போலீஸ் தேடும் ஆளாக இருப்பான் என்று பூங்காக் கடையில் இருக்கும் என்னிடம் வந்து மாற்றி மாற்றிச் சொன்னாள். மாலையில் திரும்பிவந்த ஆள், படகுத்துறையில் வாடகைப் படகுகளைக் கழுவும் டெல்பர்ட்.

"மின்னசோட்டாவுல தேள் உண்டாப்பா?" என்று கேட்டாள்.

அவன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு எதையும் மறைக்கவில்லை. பதினான்கு நாளுக்கு ஒருமுறை வேறு பெயரில் சீட்டு எழுதி, வேறு திடலுக்கு மாறிக்கொண்டிருந்தான். ஊரில் இருந்த அறைகளையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள். இங்கிருந்து போகச் சொன்னால் வேலையும் போய்விடும்.

"நீங்க எத்தனை நாளா இங்க இருக்கீங்க, மேடம்?"

"ஆறு வருஷம்."

"அப்ப நான்தான் கள்ளனா?"

அவள் படகுத்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆண்டு முழுக்கக் கட்டிக்கிடக்கப் படகுக்கு இடம் உண்டு. படகைக் கழுவுகிறவனுக்குப் பதினான்கு நாள். இந்த விதியை எழுதியவன் ஒரு நாளாவது கூடாரத்தில் தூங்கியிருப்பானா?

மறுநாள் பூங்கா அதிகாரி ஹஸ்கல் வந்தபோது இருபத்தேழாம் எண் காலியாக இருந்தது. வெர்லீனின் டிரெய்லருக்குப் பின்னால் ஒரு காரும் கூடாரமும் நின்றன. யாருடையது என்று கேட்டார்.

"திடலுக்கு ரெண்டு வண்டின்னு உங்க போர்டுதான் சொல்லுது. கண்காணிப்பாளர் திடலுக்கு நாள் கணக்கு இல்லைன்னும் அதுலயே போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க."

அவர் போர்டை இரண்டு முறை படித்தார். அடுத்த பருவத்துக்கு அவளையே வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும் என்றார். யோசியுங்கள், கழிப்பறைத் துடைப்பம் அந்த மூலையில்தான் இருக்கிறது என்றாள் அவள். ஹஸ்கல் வண்டியேறிப் போய்விட்டார்.

இதனால் டெல்பர்ட்டை அவள் நம்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்று மாலையே டிரெய்லர் கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னாள். அவனிடம்தான்.