பிள்ளையாருக்குக் கீழே ஒரு ஃபைல்

எங்கள் கம்பெனியில் பெயின்ட் ஷாப் எந்தப் பக்கம் இருக்கிறதோ, என் கம்ப்யூட்டரிலும் அதே பக்கம்தான் இருந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. ஒவ்வொரு மெஷினிலும் வேலையை எப்படிச் செய்ய வேண்டும், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எழுதிய தாள்களைக் காப்பாற்றி வைப்பது என் வேலை. எல்லாம் ஒரே ஃபோல்டர். திறந்தால் திரையின் அடியில் கேட், இடது பக்கம் பிரஸ் ஷாப், நடுவில் வெல்டிங், வலது கோடியில் பெயின்ட் ஷாப். ஒவ்வொரு ஃபைலையும் மவுஸால் இழுத்துக்கொண்டு போய், அந்தந்த மெஷின் நிற்கிற இடத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கே ஒரு மெஷினை நகர்த்தினால் இங்கே நானும் நகர்த்துவேன்.

கேன்டீன் இருக்கும் இடத்தில் என் சொந்தச் சாமான்கள்: வீட்டுக் கரன்ட் பில், மகளின் மார்க் ஷீட், சாம்பாரில் மிதந்த ஒன்றைப் பற்றி எழுதி அனுப்பாமலே வைத்திருந்த புகார். கழிவறை இருக்கும் இடத்தில் ஹெச்.ஆர். அனுப்பும் சுற்றறிக்கைகள். மேலே வலது மூலையில் ஸ்க்ராப் யார்டு. செல்லாமல் போன பழைய தாள்கள் அங்கே கிடக்கும். மேலே இடது மூலையில் பிள்ளையார். எதை எழுதினாலும் தலையில் உ போடாமல் எனக்குக் கை ஓடாது. அதனால் 'உ' என்று பெயர் வைத்த ஒரு காலி ஃபைல். உள்ளே ஒன்றும் கிடையாது. ஆயுத பூஜை அன்றைக்கு மானிட்டரில் அந்த மூலைக்கு நேராகத்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன்.

ஃபைல்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இன்ஜினியர்கள் ஆங்கில எழுத்தில் எந்தப் பெயரை அடித்து அனுப்பினார்களோ அதே பெயர். 'நியூ', 'நியூ நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் ஓகே', 'ஃபைனல் ஓகே லாஸ்ட்', 'சார் சொன்னது', 'சார் மறுபடி சொன்னது'. பெற்றவர்கள் வைத்த பெயரை நான் ஏன் மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். மெஷின் இருக்கும் இடத்தில் நின்றால் செல்லும் தாள், ஸ்க்ராப் யார்டில் கிடந்தால் செல்லாத தாள். அவ்வளவுதான் கணக்கு. யார் எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எந்தத் திமிருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். என்னுடையது சக்கரம் வைத்த நீல நாற்காலி. அதற்கு முன்னால் எட்டு வருஷம் வெல்டிங் லைனில் நின்றேன். நின்று நின்று இரண்டு முட்டியும் போனது. குன்றத்தூர் டாக்டர், நிற்காதே, நடக்காதே, படி ஏறாதே என்று மூன்றும் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மலைக்கோயில், நான் கீழே இருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிற நிலைமை. மேனேஜர்தான் பரிதாபப்பட்டு இந்த வேலையில் உட்கார வைத்தார். இப்போது ஹெட் ஆபீஸில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது, தாள்களையெல்லாம் நாங்களே அங்கிருந்து பார்த்துக்கொள்கிறோம், அந்த இடம் எதற்கு என்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட், அதில் ஒரு தாள்கூடத் தடுமாறாமல் வந்தால் என்னால் பேச முடியும், வராவிட்டால் மறுபடி லைனுக்குத்தான் என்றார். எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்து, நாள் முழுக்க அந்தத் தாள் எங்கே, இந்தத் தாள் எங்கே என்று குடைவதுதான் ஆடிட். நான் சிரித்துவிட்டேன். என்னிடமா?

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. சரி, நடக்கட்டும் என்று டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். பிறகு ஃபோல்டரைத் திறந்தேன்.

கேட் இல்லை. பிரஸ் ஷாப் இல்லை. எல்லா ஃபைலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அகர வரிசையில் கைகட்டி நின்றன. செல்லும் தாளும் செல்லாத தாளும் தோளோடு தோள். ஒன்றை இழுத்து வெல்டிங் பக்கம் விட்டேன், ஓடிப் போய்ப் பழைய இடத்தில் நின்றுகொண்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி ஓடியது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. பிள்ளையாரைக் காணவே இல்லை. ஆங்கிலப் பெயரெல்லாம் முடிந்த பிறகுதான் தமிழ் வருமாம். அதனால் முழுமுதற் கடவுள் கடைசியில் இருந்தார். அங்கே போய்ச் சேர உருட்டி உருட்டி விரல் வலித்தது.

ஐ.டி.காரரைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நிதானமானவர். வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அந்த வசதிய எடுத்துட்டாவக்கா. இனிமே வராது."

ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் அதை உபயோகிப்பதில்லையாம். நான் ஒருத்தி இங்கே உபயோகித்துக்கொண்டிருக்கிறேனே, என்னை யார் கேட்டார்கள் என்றேன். அவர் என்ன செய்வார், பாவம். தேடிப் பாருங்கள் என்று ஒரு பெட்டியைக் காட்டினார். 'ஃபைனல்' என்று அடித்தேன். முந்நூற்றுச் சொச்சம் வந்தது. அதற்கும் மேலே, 'உங்களுக்குத் தேவைப்படலாம்' என்று அதுவாகவே ஒன்றை எடுத்துக் காட்டியது. சாம்பார் புகார்.

மேனேஜரிடம் முறையிடலாம் என்று போனால், அவர் என்னைவிடக் கடுப்பில் இருந்தார். தினமும் பார்க்கும் வருகைப் பட்டியலைத் திரையின் ஓரத்தில் குத்தி வைத்திருந்தாராம். அப்டேட் அதையும் கழற்றிவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்டேட் போட்டவர்களின் குடும்பத்தைப் பற்றிப் பேசிவிட்டு அவரவர் இடத்துக்குத் திரும்பினோம்.

மூன்று நாள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படித்தேன். பிரஸ் ஷாப்பைப் பிரித்து முடித்தேன். வெல்டிங்கில் பாதிகூடத் தாண்டவில்லை, வியாழக்கிழமை வந்துவிட்டது.

ஆடிட்டர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெல்டிங் நாலாம் மெஷின் தாளைக் காட்டுங்கள் என்றார். பக்கத்தில் மேனேஜர். நான் ஃபோல்டரைத் திறந்து, தேடும் பெட்டியில் மெஷின் பெயரை அடித்தேன். அந்த மெஷினுக்கு ஐந்து ஃபைல் வந்து நின்றது, ஐந்தும் ஏதோ ஒரு 'ஃபைனல்'. பழையதைக் காட்டினால் மொத்தமும் போச்சு. முட்டி இப்போதே வலிக்கத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு பழைய திரையை நினைத்துப் பார்த்தேன். நாலாம் மெஷின், நடுவில், மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில்.

தூண் அங்கேயேதானே இருக்கிறது! அதை எந்த அப்டேட்டும் எடுக்கவில்லையே. செல்லும் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷினிலேயே தொங்கவிட்டிருப்போம், அது எங்கள் கம்பெனி வழக்கம். ஒரு நிமிஷம் சார் என்று எழுந்து நடந்தேன்.

லைனில் என்னோடு அந்தக் காலத்தில் நின்றவள்தான் இன்றைக்கும் நாலாம் மெஷினில் நிற்கிறாள். நான் தாளைக் கழற்றுவதைப் பார்த்து, வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னாக்கா, நீ நடந்து வந்துக்கினு கீற? லைனுக்கே அனுப்சிட்டாங்களா?"

"அனுப்பாம இருக்கத்தான்டி நடக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கு.

வெல்டிங் கரி படிந்த உறையோடு தாளை ஆடிட்டர் முன்னால் வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இல்லையா என்று கேட்க வாயைத் திறந்தார். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நாங்க ஸ்க்ரீன்ல காட்றதில்ல சார். மெஷின்ல என்ன தொங்குதோ, அதத்தான் கொண்டுவந்து காட்டுவோம்."

இந்த மனிதருக்கு இவ்வளவு பொய் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆடிட்டர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ கம்பெனிகளில் திரையில் ஒரு தாள் காட்டுகிறார்கள், மெஷினில் வேறு தாள் தொங்குகிறது, இதுதான் நேர்மையான முறை என்று மனமாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு பெயின்ட் ஷாப் தாளைக் கேட்டார்.

பெயின்ட் ஷாப் வலது கோடி. போய் வந்தேன். பிரஸ் ஷாப் கேட்டார், அது இடது கோடி. அதைத்தான் பிரித்து வைத்திருக்கிறேனே, திரையிலேயே காட்டலாம் என்று மவுஸைத் தொட்டேன். மேனேஜர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நடந்தேன். பிறகு மறுபடி பெயின்ட் ஷாப். பிறகு, கேட்டில் வண்டிகளைச் சோதிக்கும் முறை என்ன என்றார். கேட் திரையில் இரண்டு விரற்கடை தூரம்தான். அன்றைக்கு அது செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி வருகிற மாதிரி இருந்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என்னை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். ஆடிட்டில் ஒரு குறைகூட இல்லை. என் நாற்காலி தப்பித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது. வலியிலும் வந்திருக்கலாம்.

மறுநாள் காலை மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். ஹெட் ஆபீஸில் பேசிவிட்டாராம், என் இடத்தை இனி யாரும் தொட முடியாதாம். நான் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டேன்.

"ஆடிட்டர் உன் முறைய ரொம்ப நல்லா எழுதிட்டுப் போயிருக்காரும்மா. இனிமே யாரு எந்தத் தாள் கேட்டாலும் நீ நேர்லயே போய் எடுத்துட்டு வந்துடு. அதையே விதிமுறையா டைப் பண்ணி ஃபோல்டர்ல போட்டு வை. அடுத்த வாரம் எல்லா செக்‌ஷனுக்கும் அனுப்பிடறேன்."

அவர் போன பிறகு அந்த நீல நாற்காலியைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றிவிட்டார், என் முட்டியை அல்ல. நாற்காலி எனக்கு, உட்காருவது மட்டும் கிடையாது.

சொன்ன வேலையைச் செய்யாதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. தலையில் உ போட்டு, அரைப் பக்கத்தில் விதிமுறையை டைப் செய்தேன். பெயர் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தேன். எல்லோரும் ஆங்கிலத்தில் வைக்கும் பெயரைத் தமிழில் வைத்தேன். 'விதிமுறை'. சேமித்ததும் அது நியூ, நியூ நியூ, முந்நூற்றுச் சொச்சம் ஃபைனல் எல்லாவற்றையும் தாண்டி ஓடிப்போய், கடைசியில், பிள்ளையாருக்கும் கீழே நின்றுகொண்டது. அவ்வளவு தூரம் உருட்டிப் பார்க்க இந்தக் கம்பெனியில் யாருக்கும் விரல் கிடையாது.

அடுத்த வாரம் மேனேஜர் என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்று, அந்த விதிமுறை எங்கேம்மா, கண்ணிலேயே படவில்லையே என்றார். நான் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமல், முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டேன்.

"அப்டேட்ல எடுத்துட்டாங்க சார். இனிமே வராது."

அவர் தன் வருகைப் பட்டியலை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பெருமூச்சு விட்டு, நாசமாய்ப் போகிறவர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.