அவர் எழுதாமல் விட்ட முதல் கேள்வி

சிவப்பு விளக்கு எரிந்தால் பேச வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும். எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். சுவர் நான்கிலும் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. எதிரே ஒரு கேமரா. இருபத்தாறு வருடம் மாலைக் கல்லூரியில் தொழிலாளர் சட்டம் நடத்தியவன் நான். கடைசி பெஞ்சில் யார் தூங்குகிறான், யாருக்குப் புரியவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த அறையில் முகமே இல்லை. விளக்கு எரிந்தது. முதல் வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, மீண்டும் தொடங்கினேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவுக்காரர் பேசினார்: "சார், நீங்க மூச்சு வாங்கறது மைக்ல கேக்குது. கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க." மைக்கைத் தள்ளி வைத்தேன். மூச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, பெங்களூரில் இருந்த எங்கள் மாலைக் கல்லூரியை மூடிவிட்டார்கள். மூடியதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. தினமும் மதியம் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். மாத பாஸ் இருந்தது. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்புவேன். ஒருநாள் கண்டக்டர் கன்னடத்தில், "என்ன சார், எந்த ஊருக்குத்தான் போகணும் உங்களுக்கு?" என்று சிரித்தார். அடுத்த நாளிலிருந்து வேறு தடத்தில் ஏறினேன். இணையவழிக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது, அந்தப் பஸ்ஸுக்கு மட்டும் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பின்னால் நான் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பயம்தான் இருந்தது. இதைக் காரணமாகச் சொல்கிறேன், சாக்காக அல்ல.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த மாணவர்கள் குறைவு. பெரும்பாலோர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து படித்தார்கள். பாடத்தை நான் பதிவு செய்துவிடுவேன். கேள்விகளை அவர்கள் எழுதி அனுப்புவார்கள். ஒரு நாளைக்குள் பதில் போக வேண்டும். எத்தனை நேரத்தில் பதில் போட்டேன் என்பதைக் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். என்னுடன் சேர்ந்த இருவரை முதல் ஆறு மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதைப் படம் போட்டு ஒரு நோட்டில் எழுதி, மேசை இழுப்பறைக்குள் மறைத்து வைத்திருந்தேன். யாராவது அறைக்குள் வந்தால் இழுப்பறையை மூடிவிடுவேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் கோயம்புத்தூர்க்காரர். வயது முப்பது இருக்கும். "சார், உங்க ரெஸ்பான்ஸ் டைம்தான் இங்க பெஸ்ட்டு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார். அவர் போனதும் இழுப்பறை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

அந்த மாணவியை நான் பெயராகவும் பதிவு எண்ணாகவும் மட்டுமே அறிந்திருந்தேன். விண்ணப்பத்தில் பெங்களூரின் நீலசந்திராப் பகுதி முகவரி. வயது முப்பத்தாறு. தொழில் என்ற இடத்தில், மருத்துவமனை ஆயா என்று எழுதியிருந்தார். மற்ற மாணவர்கள் பாடப்புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பார்கள். இவர் தம் வேலையிலிருந்து கேட்டார். இரவு டூட்டியில் மயங்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் அது வேலையில் ஏற்பட்ட காயமா? காண்ட்ராக்டர் மாறிவிட்டால் பழைய சர்வீஸ் எங்கே போகும்? எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். ஆனால் அவருடைய கேள்விக்குப் பதில் எழுத நான் சட்டப் புத்தகத்தை மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். இந்தப் பட்டயம் கிடைத்தால் மருத்துவமனையின் ஆபீஸ் அறையில், பணியாளர்களைக் கவனிக்கும் பிரிவில், எழுத்தர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தார். வார்டிலிருந்து ஆபீஸ் அறைக்குப் போவது பதினைந்து படிதான், ஆனால் பதினான்கு வருடமாகப் போக முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

ஒருநாள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தமிழ்: "சார், நீங்க தமிழா? உங்க இங்கிலீஷ்லயே தெரியுது." எனக்குச் சிரிப்பு வந்தது. பதிலைத் தட்டும்போது சிரிப்பு போய்விட்டது. நான் பெங்களூருக்கு வந்தபின் தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்தது. பஸ்ஸில் வாயைத் திறக்காமல் போய்வந்த நாட்கள் அவை. ஊர் அதைக் கடந்து எவ்வளவோ காலமாகியும் என் உடம்பு கடக்கவில்லை. ஒரு மாணவியிடம் மட்டும் தமிழில் பேசுகிறார் என்று யாராவது சொல்லிவிட்டால்? செய்திகளை ஆங்கிலத்தில் அனுப்பவும் என்று ஆங்கிலத்தில் பதில் போட்டேன். "ஓகே சார். சாரி சார்" என்று வந்தது.

அந்தப் பருவத் தேர்வு அன்று, காலை பத்தரை மணிக்கு இரண்டு ஃபைல்களை ஏற்ற வேண்டியிருந்தது. வினாத்தாள் மாணவர்களின் ஃபோல்டரில். வினாத்தாள் மட்டும் பன்னிரண்டு மணிக்குத் தானாகத் திறக்கும். விடைக் குறிப்பு ஆசிரியர்களின் ஃபோல்டரில். அதை மாணவர்கள் பார்க்க முடியாது. நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த மாணவியிடமிருந்து தனிச் செய்தி வந்தது. இந்த முறை தமிழில்தான் எழுதியிருந்தார். அவசரத்தில் ஆங்கிலம் வரவில்லை போலும். "சார் ஆன்சர் எல்லாம் எங்க ஃபோல்டர்ல இருக்கு. என்னமோன்னு திறந்துட்டேன். உடனே மூடிட்டேன். சீக்கிரம் எடுத்துடுங்க சார், வேற யாராவது பாத்துடப் போறாங்க."

எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டேன். அதுதான் நான் செய்த முதல் காரியம். பிறகு உட்கார்ந்து, விடைக் குறிப்பை மாணவர் ஃபோல்டரிலிருந்து ஆசிரியர் ஃபோல்டருக்கு மாற்றினேன். ஒரு நிமிட வேலை. அவரைத் தவிர வேறு யாரும் திறக்கவில்லை என்று பதிவு காட்டியது. யார் திறந்தார்கள் என்பதைத்தான் அந்தப் பதிவு குறிக்கும், ஃபைல் இடம் மாறியதைக் குறிக்காது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு வார்த்தை நன்றி எழுதியிருக்கலாம். எழுதினால் தவறு என்னுடையது என்பதற்கு எழுத்தில் சாட்சி ஆகிவிடுமே என்று எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து அவருடைய விடைகள் திருத்த வந்தன. இரண்டாம் கேள்வியிலிருந்து ஆறாம் கேள்விவரை எல்லாம் எழுதியிருந்தார். சொந்த வாக்கியங்கள், சொந்தப் பிழைகள். முதல் கேள்வி, இருபது மதிப்பெண்ணுக்கானது, வெறுமையாக இருந்தது. 'இந்தக் கேள்விக்கு நான் எழுதவில்லை' என்று ஒரே ஒரு வரி. எனக்கு உடனே புரிந்தது. விடைக் குறிப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் தெரிவது முதல் கேள்விக்கான விடை. கண்ணில் பட்டுவிட்டதால் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டிருந்தார். வேலையிடத்து விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள உரிமைகள் என்னென்ன என்பதுதான் அந்தக் கேள்வி. எவரையும் அவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று சிவப்பு விளக்கின் முன் நாற்பது நிமிடம் நானே பேசியிருந்தேன்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் நிர்வாக அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"டென்ஷன் ஆகாதீங்க சார், ஃபார்மாலிட்டிதான். உங்க பாஸ்வேர்ட யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லையே."

"ஒரு ஸ்டூடன்ட் எக்ஸாம் அன்னிக்கு ஆன்சர் கீயத் திறந்திருக்காங்க. பதிவு இருக்கு. ஆனா அது ஸ்டாஃப் ஃபோல்டர். அவங்க எப்படி உள்ள போனாங்கன்னுதான் தெரியல." குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ஆயாம்மாவாம் சார். நமக்கே அந்த ஃபோல்டருக்குள்ள போறதுக்குள்ள வழி மறந்துடுது."

நிர்வாக அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: அந்த ஃபைல் முதலிலிருந்தே ஆசிரியர் ஃபோல்டரில்தான் இருந்ததா?

எனக்கு நேரம் இருந்தது. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் எனக்காகத் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். செய்தி என் கணக்கில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டியிருக்கலாம். முதல் கேள்வி வெறுமையாக இருந்ததைச் சொல்லியிருக்கலாம். என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் மட்டும்தான்.

"ஆமாம்" என்றேன்.

என் அறைக்குத் திரும்பி அந்தச் செய்தியை அழித்தேன். அதை எப்படிச் செய்வதென்று நோட்டில் இல்லை, நானே கண்டுபிடித்தேன். அன்று மாலையே கல்லூரி அவருடைய கணக்கை மூடிவிட்டதால் அவர் பக்கத்துப் பிரதியையும் அவரால் காட்ட முடியாது. அவரைக் கூப்பிட்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. விதிமீறலுக்காக நீக்கப்படுகிறீர்கள் என்று ஒரு கடிதம் போனது. நான்கு நாள் கழித்து வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். "சார், ஒரு லேடி வந்திருக்காங்க. உங்க ஸ்டூடன்ட்டாம். அழுவுறாங்க சார்." மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அதன்பின் என் ஒப்பந்தம் ஒவ்வொரு முறையும் நீண்டது. எந்த ஃபைலை ஏற்றினாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று நான் கொண்டுவந்த விதியை எல்லாரும் பாராட்டினார்கள். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் வந்தது. பயந்துபோய் வரும் நடுவயதுக்காரர்களிடம், பொத்தான்களுக்குப் பயப்படாதீர்கள் என்று சொல்லுவேன். செய்தி வந்ததைக் காட்டும் சின்ன ஓசை கேட்டால் மட்டும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. பேரன் கையிலுள்ள போனில் அந்த ஓசை கேட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

ஓய்வு பெற்ற ஆண்டில் ஒருநாள் காலை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு கிளம்பினேன். விண்ணப்பத்தில் இருந்த மருத்துவமனையின் பெயர் எனக்கு மறக்கவில்லை. விவேக் நகரில், மாதா சிலைகளும் மெழுகுவத்தியும் விற்கும் கடைகளைத் தாண்டி, மாடி வைத்த பழைய கட்டடம். வரவேற்பு மேசையில் விசாரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். நரை ஓடிய தலை. பச்சைச் சீருடைப் புடவை.

"லேபர் லா சார்தானே?" என்றார். "குரல வெச்சே கண்டுபுடிச்சுட்டேன். உங்க பாடத்த நாலு நாலு வாட்டி போட்டுப் போட்டுக் கேப்பேன் சார்."

வாளியோடு போய்க்கொண்டிருந்த இன்னொரு ஆயா நின்றார். "இன்னா காலேஜு, யாரு பெரியவரு?"

"எங்க சாரு, க்கா."

"அய்ய, நெசமாவே காலேஜு இருந்துச்சா? நாங்க நீ சும்னே கதை அளக்கறன்னு இல்ல இருந்தோம்!" மாடியிலிருந்து வேறொரு குரல் கூப்பிட்டது: "ஏ காலேஜு, மூணாம் நம்பர் ரூமுக்கு வா!" இவர் மேலே பார்த்து, "தோ வரேன்" என்றார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "அதான் சார் இங்க என் பேரு. போட்டது போட்டாங்க, அப்படியே ஒட்டிக்கிச்சு."

அவரைப் படியின் கீழ் ஓரமாக அழைத்துப் போனேன். சொல்ல வந்த வாக்கியத்தைப் பஸ்ஸில் பல முறை சொல்லிப் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு ஒரு மெசேஜ் போட்டேன் உங்களுக்கு. ஆன்சர் எங்க ஃபோல்டர்ல இருக்குதுன்னு. அது உங்களுக்கு வந்துச்சா?"

அவர் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். எழுபதை நெருங்கியவன், வேலை இல்லை, ஒப்பந்தம் இல்லை, இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அதே பயம், அதே இடத்தில்.

"இல்லம்மா" என்றேன். "வரல."

அவர் கையை நெஞ்சில் வைத்துப் பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா. நானும் அதான் நெனச்சேன் சார். பிரவுசிங் சென்டர்ல டைம் முடிஞ்சுபோச்சு, சென்டர்காரன் வேற கத்தறான், நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன். நேர்ல சொல்லலாம்னு வந்தா நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. எங்க வூட்டுக்காரரு கூடச் சொல்வாரு, உங்க சாரு தெரிஞ்சேதான் வுட்டுட்டாருன்னு. நான் சண்டை போடுவேன் சார் அவருகூட. எங்க சாருக்கு வந்துருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பாருன்னு." வாளியைத் தூக்கிக்கொண்டார். "இன்னிக்குப் போயி சொல்றேன், பாரு, சாரே சொன்னாருன்னு." படியேறிப் போனார். ஆபீஸ் அறை இருந்த தளத்தைத் தாண்டி, வார்டு இருந்த தளத்துக்கு.

இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவர் இதைப் படிப்பாரா என்று தெரியாது. அவருடைய கணவர் படித்தாலும் போதும்; அந்தச் சண்டையில் நியாயம் கணவர் பக்கம்தான். உங்கள் செய்தி வந்தது, அம்மா. நீங்கள் எதையும் தப்பாக அமுக்கவில்லை. பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டது. அதை நான் இரண்டு முறை படித்தேன்.