கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காவிரி

எங்கள் காவிரிப் பாலத்தைக் கூண்டாக்கியது நீங்கள்தான். அழகுபடுத்துகிறேன் என்று உத்தரவு போட்டவர் யாரோ, அவரிடம்தான் பேசுகிறேன். பெயர் தெரியாது. பலகையில் நீங்கள் பெயர் போடவில்லை.

பலகையில் மற்றதெல்லாம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் பக்கத்து முனையில், ஆள் உயரத்துக்கு, 'நாட்டில் பார்க்க வேண்டிய பாலங்கள்' என்று படம் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஹவுரா, பாம்பன், மாத்தூர் தொட்டிப்பாலம், மேகாலயாவின் வேர்ப்பாலம். கடைசியில் எங்கள் பாலம்.

நான் டூரிஸ்ட் பஸ் ஓட்டிப் பிழைத்தவன். அந்த நாலு பாலத்துக்கும் இந்த ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சமையலுக்கு என் மனைவியும் கூடவே வருவாள். ஹவுராவில் தலையில் மூட்டையோடு ஓடுகிறவன் இடிக்க இடிக்க, எங்கள் ஆட்கள் ஓரமாய் நின்று கீழே பூச்சந்தையைப் பார்த்தார்கள். மாத்தூரில் தொட்டிச் சுவரில் கையை வைத்துக்கொண்டே நடந்தார்கள். வேர்ப்பாலத்துக்குப் படி இறங்கிப் போய், வேரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பாம்பனில் பஸ்ஸை நிறுத்தியதும் பெண்கள் கைப்பிடிச் சுவரோரம் போய், காவேரித் தாயே என்று காசை விட்டெறிந்தார்கள். இது கடல் என்றேன். காவேரி கடலில்தானே வந்து சேர்கிறாள், போய்ச் சேர்ந்துவிடும் என்றார்கள்.

ஒரு இடத்திலும் யாரும் பாலத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. மேலே ஏறி நின்றார்கள். பாலம் அதற்குத்தான்.

ஹவுராவில் என் மனைவி எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா நம்ம பாலத்துல சாயங்காலம் ஒரு காத்து வருமே, அது இங்க இல்ல."

பிறகு அவள் கீழே விழுந்து முழங்கால் போயிற்று. தில்லை நகரில் பார்க்காத டாக்டர் இல்லை. கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். படித்துறையில் இறங்க முடியாது. ஆடிப் பதினெட்டுக்கு என்ன செய்வது என்று அழுதாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தொன்னையில் மஞ்சள், பூ, காதோலை, கருகமணி வைத்து, நூல்கண்டின் நுனியைக் கட்டி, பாலத்து நடைபாதையில் நின்று மெதுவாகக் கீழே விடுவாள். தொன்னை தண்ணீரைத் தொட்டதும் நூல் தளரும். அப்போது கையை விடுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள், இன்னும் கொஞ்சம் விடுங்கக்கா, தொட்டுடுச்சுக்கா என்று சொல்லிக்கொடுப்பார்கள். போகப் போக, படி இறங்க முடியாத வேறு பெண்களும் நூல்கண்டோடு வர ஆரம்பித்தார்கள்.

போன ஆடிப் பதினெட்டில் தொன்னையோடு போனோம். நடைபாதை நெடுக, கைப்பிடிச் சுவரிலிருந்து தலைக்கு மேல் உயரத்துக்குக் கம்பி வலை. விரல் போகும், தொன்னை போகாது. அவள் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். காவலுக்கு இருந்தவர் வந்தார். குப்பை போடுகிறார்களாம், அதனால் வலையாம். அவரும் நல்ல மனிதர்தான், வழி சொன்னார்.

"அம்மா, அந்த முனைல செல்ஃபி மேடை போட்டிருக்காங்க. அங்க வலை இல்ல. அங்க போய் விடுங்க."

அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். கலர் விளக்கும் இதயம் மாதிரி ஒரு வளையமும் வைத்த மேடை. எட்டிப் பார்த்தாள். கீழே ஆறு இல்லை. கரை. மணலும் சீமைக்கருவேலமும்.

"காவேரிக்குக் குடுக்கறத கருவ முள்ளுக்கா குடுக்கறது?" என்றாள்.

அந்த வளையத்துக்குள் ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆன்ட்டி என்றார்கள். அவள் தள்ளி நின்றாள். தொன்னையை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டோம். பூ வாடி, மூன்றாம் நாள் துளசித் தொட்டியில் போட்டாள்.

குப்பை போடுகிறவனைப் பிடியுங்கள், அபராதம் போடுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? தண்ணீருக்கு மேலே ஒரு இடத்தில், வலையில் ஒரு தொன்னை போகிற அளவுக்கு ஜன்னல் வையுங்கள். பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டு அன்றைக்குத் திறந்துவிட ஒரு ஆள் போதும். இதைச் சொல்ல நான் அலைந்த அலுவலகங்களில் ஒருவரும் இது என் வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரியில் பாலத்துத் தூண்களுக்குக் கலர் விளக்கு மட்டும் ஒழுங்காக எரிகிறது.

அடுத்த ஆடி வருகிறது. அவள் இப்போதே புது நூல்கண்டு வாங்கி வைத்திருக்கிறாள். எதை நம்பி வாங்கினாளோ.

உத்தரவு போட்டவரே, ஆடிப் பதினெட்டு அன்றைக்கு நீங்கள் பாலத்துக்கு வாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அல்ல, அந்த வலை முன்னால், அத்தனை பெண்களுக்கும் எதிரே நின்று, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். என் மனைவி எங்கே நின்று தொன்னை விட வேண்டும்?