பேசாதவர்கள் தைத்த போர்வை

தன் கால் மெஷினை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

"அங்க மெஷின் இருக்காம் அண்ணி. நானா சொன்னாரே."

"இன்னொருத்தர் மெஷின்ல தைக்கிறது இன்னொருத்தர் பல்செட்ட மாட்டிக்கிட்டுச் சாப்பிடுற மாதிரி. நம்மளால ஆகாது."

அதனால் அந்த மெஷின், இரும்புக் காலும் மரப் பலகையுமாக, அண்ணனுடைய வேனில் ஏறியது. மற்ற நாட்களில் பசறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அது. சித்திரை விடுமுறை என்பதால் சும்மா நின்றது. அண்ணன் நடு சீட்டைக் கழற்றி, மெஷினை நிமிர்த்தி வைத்து, நான்கு பக்கமும் கயிற்றால் கட்டினார். அம்மன் தேரில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கணவர் இறந்த பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். எனக்கும் அண்ணிக்கும் ஒரே வேலைதான். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரிடம் வெட்டுத் துண்டுகளை மூட்டையாக வாங்கி வருவோம். அவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, ஒட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வையாக்குவோம். எல்ல என்ற ஊரில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளில் அவற்றை விரும்பி வாங்குவார்கள். அந்த நானாதான் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, வெலிமடைப் பக்கம் ஒரு பங்களாவுல எங்க மக ரிட்ரீட் ஒண்டு வைக்கிறா. மூணு நாள். போர்வ தைக்கிற பொம்பளைங்க எல்லாரும் ஒண்டாத் தங்கித் தைக்கிறாங்க. வெள்ளைக்கார லேடியும் வாரா. நீங்களும் போங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் தலையாட்டினார். "ரிட்ரீட்னா எனக்குத் தெரியும். சர்ச்சுல வைப்பாங்க. பேசாம கொள்ளாம உக்காந்து ஜெபம் பண்ணுவாங்க."

"போர்வைக்கு எதுக்கு ஜெபம்?" என்றாள் அண்ணி.

"வெள்ளைக்காரங்க எதுக்கும் ஒரு மொற வச்சிருப்பாங்க."

இந்த ஒரு பேச்சு பிற்பாடு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

விடிந்ததும் புறப்பட்டோம். பதுளை வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். அண்ணனுக்கு நமுனுகுலைப் பாதைதான் பிடிக்கும். முள்முருக்கு மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நின்றன. மழை பெய்து ஓய்ந்த தேயிலையில் புதுக் கொழுந்து விட்டிருந்தது. அண்ணன் எதற்கெல்லாமோ வேனை நிறுத்தினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு தடவை, தேத்தண்ணி குடிக்க ஒரு தடவை. ஒரு மாடு படுத்திருந்தது, அது எழுந்திருக்கட்டும் என்று ஒரு தடவை. அந்த மாடு படுத்திருந்தது ரோட்டில்கூட இல்லை, ஓரத்தில்.

நமுனுகுலையைத் தாண்டி ஒரு ஒடுங்கிய வளைவில் பஸ்ஸொன்று எதிரே வந்து மூக்கோடு மூக்காக நின்றது. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வழக்கம்போல் பஸ் அசையவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, எங்கள் வேனைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். எங்கள் பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு கல் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தார். டர்ரென்று ஒரு சத்தம்.

அவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே மெல்லத் திரும்பி, பின்பக்கத்தை எங்கள் வேனோடு ஒட்டிவைத்து நின்றுகொண்டார். பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

அண்ணி கதவைத் திறந்தாள். "தம்பி, உள்ள ஏறு. கழட்டிக் குடு."

"ஐயோ அக்கே, எப்பிடி?" என்றார் கண்டக்டர். சிங்களப் பையன், தமிழ் நன்றாகவே பேசினார்.

"போர்வை இருக்கு. சுத்திக்க."

காட்டுவதற்காக நாங்கள் எடுத்துப் போன, பூப்போட்ட பெரிய போர்வை அது. அதைச் சுற்றிக்கொண்டு கண்டக்டர் எங்கள் வேன் சீட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். அண்ணி கட்டி வைத்திருந்த மெஷினிலேயே நூலைக் கோர்த்து மிதிக்கத் தொடங்கினாள். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் காற்று வாங்க இறங்கி வந்து வேனைச் சூழ்ந்தார்கள். ஒரு கொழுந்துக்காரப் பெண் பட்டி அறுந்த தன் கைப்பையை நீட்டினாள். இன்னொருவர் குடையைக் கொண்டுவந்தார். பின்னால் ஒரு முச்சக்கர வண்டியில் வந்த வெளிநாட்டுக்காரி கண்டக்டரைப் போட்டோ எடுத்தாள். அண்ணி எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தாள், குடையைத் தவிர. "குடைக்குக் கம்பி போயிருக்கு, அது டொக்டர் வேலை."

காற்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கிய கண்டக்டர், டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். விசில் ஊதினார். பஸ் பின்னால் போனது. மலைநாட்டு ரோட்டில் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்து ஒரு வேனுக்கு வழிவிட்டதை நான் என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அண்ணன் அந்தப் பெருமையில் எல்ல வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

பண்டாரவளையைத் தாண்டி வெலிமடை ரோட்டில் ஏறும்போது வெயில் ஏறிவிட்டது. நானா சொன்ன அடையாளம் இதுதான்: பைன் காட்டுக்குப் பிறகு மேலே ஏறும் ஒழுங்கைப் பாதை, வெள்ளைக் கேட். போன் பேசிக் கேட்கலாமென்றால் சிக்னல் இல்லை. பைன் காடு வந்தது. ஒழுங்கை வந்தது. 'ரிட்ரீட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அம்புக்குறி போட்ட பலகையும் இருந்தது. மேலே போனால் வெள்ளைக் கேட். இதற்கு மேல் ஒருவர் என்ன சந்தேகப்பட முடியும்?

கேட்டில் இருந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்ததும், உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார். பிறகு கைகூப்பிக் கும்பிட்டு, கேட்டை அகலத் திறந்துவிட்டார். மெஷினைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. இருந்தாலும் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்க வந்தார்.

பெரிய கூடத்தில் ஆண்களும் பெண்களும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள்.

"நான் சொன்னேன்ல, ஜெபம்" என்றார் அண்ணன்.

நாங்களும் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினோம். அண்ணன் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வேன் ஓட்டுகிறவர்களுக்கு உட்கார்ந்தபடியே தூங்குவது கைவந்த கலை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்தார்கள், அவர் மட்டும் அசையவில்லை. இரண்டு வெள்ளைக்காரர்கள் அவர் முன்னால் நின்று பார்த்துவிட்டு, தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டிலும் யாரும் பேசவில்லை. சிவப்பரிசிச் சோறு, லீக்ஸ் சுண்டல், பருப்பு. அண்ணி பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எங்கம்மா தைக்கிறது? இந்தக் கூடத்துலயா?" என்றாள். அந்தப் பெண் பதறிப்போய்ச் சிரித்தாள்.

"ரொம்ப மரியாதையான ஆளுங்க புள்ள" என்று அண்ணி என் காதில் சொன்னாள். "சரி, நம்ம வேலையப் பாப்போம்."

கூடத்தின் நடுவில் மெஷினை இழுத்துப் போட்டாள். மூட்டையை அவிழ்த்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்கள்? ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். உயரமான ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீலத் துண்டுகளை ஒருபக்கம், மஞ்சளை ஒருபக்கம் என்று பிரித்துவைக்கத் தொடங்கினார். பிறகு இன்னொருவர். நான் ஊசிகளைக் கொடுத்தேன். அவர்கள் தையல் கோணல்மாணலாகப் போனது. ஆனால் ஒவ்வொரு குத்தையும் உயிர் போகிற காரியம் மாதிரி நிதானமாகப் போட்டார்கள். நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் வந்து வாசலில் நின்றார். எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் மெஷினின் கடகட சத்தத்தைக் கொஞ்ச நேரம் கண்மூடிக் கேட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, ஊசியை எடுத்து, நூல் கோர்க்க முடியாமல் அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி பேசிக்கொண்டே கோர்த்துக் கொடுத்தாள். அவளுக்கு அது பொற்காலம். அவள் பேச்சை யாரும் இடைமறித்துப் பேசவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டிய சேலை நீளம் பத்தாமல் போனது, அண்ணனுடைய முதல் வேன் தானாக உருண்டு ஒருவருடைய முட்டைக்கோவாத் தோட்டத்தில் போய் நின்றது, பித்தப்பையில் கல் எடுத்தது, அண்ணனின் குறட்டை. ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒருவருக்கு மட்டும் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஏதோ வருத்தத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

பேச்சு மெதுவாக என் பக்கம் வந்தது. அந்த உயரமான வெள்ளைக்காரரிடம், என்னை முகவாயால் காட்டி, அண்ணி சொன்னாள்:

"இவ எங்க வீட்டுக்காரரு தங்கச்சி. மகன் கொழும்புக்கே வந்துருன்னு கூப்புடுறான். போகட்டும், பெத்த புள்ளைகூட இருக்க வேணாமா? ஆனா இவ போயிட்டா நா யார்கூடச் சண்ட போடுறது? அந்த மனுசன் சண்டைக்கும் வரமாட்டாரு. வீடே வெறும் பொட்டிமாதிரி ஆயிரும் தம்பி."

ஒரு சொல்லும் விளங்காமல் அவர் மெல்லத் தலையாட்டினார். நான் அண்ணிக்கு ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் அவள் சொன்னதில்லை. கையிலிருந்த சதுரத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.

மாலையில் மணி அடித்தார்கள். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அணைக்கட்டு உடைந்த மாதிரி இருந்தது. தாடிக்காரப் பெரியவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தோள் குலுங்கிய கண்ணாடிக்காரர் எங்களிடம் வந்தார்.

"நான் பண்டாரவளையில மருந்துக்கடை வச்சிருக்கேன்மா. ஐயா கேக்குறாரு, நீங்க எங்க போக வந்தீங்கன்னு. இது தியான முகாம். இந்த மணி அடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது."

அண்ணியின் கால் மிதிப்பதை நிறுத்தியது. "நீங்க தமிழா?"

"ஆமாங்க."

"அப்ப நான் சொன்னதெல்லாம்..."

"கேட்டேன்மா. அந்தக் கோவாத் தோட்டக்காரரு அப்புறம் என்ன செஞ்சாருன்னு மட்டும் நீங்க சொல்லல."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் மொழிபெயர்த்துச் சொன்னதும் கூடமே சிரித்தது. அந்தச் சத்தத்தில்தான் அண்ணன் கண்விழித்து, "வந்துட்டோமா?" என்று கேட்டார்.

பாதி தைத்த போர்வையைத் தங்களிடமே விட்டுப்போகச் சொன்னார் பெரியவர். நாங்கள் போக வேண்டிய வெள்ளைக் கேட், அதே ஒழுங்கையில் அடுத்த வளைவில் இருந்தது. போர்டு மட்டும் செடிக்குள் மறைந்திருந்தது. நானாவின் மகள் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, எங்க போனீங்க? காலையில இருந்து பாக்குறோம்!"

உள்ளே பெண்கள் எல்லாரும் மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஓர் ஆண். வயதானவர், கழுத்தில் அளவு நாடா, விரலில் தையல் தொப்பி. காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாராம். கும்பிட்டாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். யாரோ ஒருத்தியின் வாய் பேசாத மாமா என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு, பாவம் என்று கவனித்துச் சாப்பாடு கொடுத்து, துணியை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் அவர் தானாகவே தைக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "ஐயா, நீங்க தியானத்துக்குத்தானே வந்தீங்க? அது கீழே இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"தெரியும்மா. பத்து மணிக்கே தெரிஞ்சிருச்சு. இந்த மூலைய முடிச்சிட்டுப் போவோமேன்னு பாத்தேன்."

ஒரு பெண் பயந்துபோய்க் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஹாலிஎல ஊர்க்காரர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வருடப் பிறப்புக்கு என்ன வேண்டும் என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் வேணாம், நாலு நாள் எங்கயாவது போய்ப் பேசாம இருந்துட்டு வாங்கன்னுட்டா." மூன்று நாளும் அவர் எங்களோடுதான் தைத்தார். கீழே அவருக்காக ஒதுக்கிய இடம் வீணாகப் போக வேண்டாம் என்று அண்ணன் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே அவருக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் வேனோடு வந்தபோது முன் சீட்டில், கீழே விட்டுவந்த அந்தப் போர்வை இருந்தது. முடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு தையல்கூட நேராக இல்லை. வெள்ளைக்கார லேடி அதை விரித்துப் பார்த்து, அங்கிருந்த எல்லாப் போர்வைகளிலும் இதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

திரும்பும்போது அண்ணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பண்டாரவளை தாண்டியதும் நான் சொன்னேன்: "அண்ணி, நான் கொழும்புக்கு ஒரேயடியாப் போகல. தீபாவளிக்கு ஒரு வாரம் மட்டும் இருந்துட்டு வந்துடுறேன்."

"போயேன், யாரு வேணாங்கிறா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. எல்ல வந்தது, போனது. ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார்.

"இந்தா, என்ன ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல, வண்டிய எடுங்க. ஒரு வாரம் என்னத்துக்கு, நாலு நாள் பத்தாதான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."