இடது பக்கம் படுத்தபடி ஒரு சர்வர்

ஐந்தாம் மாதம் முடியும்போது மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்றார். பஸ்ஸில் போகக் கூடாது. படி ஏறக் கூடாது. முடிந்தவரை இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும். வேலைக்குப் போவது பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் கொழந்த பொறந்தப்புறம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதுவரை தினமும் கடத்தூரில் பஸ் ஏறி, தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் லேபும், லேபின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் இருந்த சர்வரும் என் பொறுப்பு. அது லினக்ஸில் ஓடுவது. ஜன்னல், படம், மவுஸ் அம்பு எதுவும் அதில் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாகக் கட்டளைகளைத் தட்டினால் வேலை செய்யும். அந்தக் கல்லூரியில் அதோடு பேசத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

வீட்டில் எனக்கு ஒதுக்கிய அறையில் ஒரு பாதி புளி மூட்டைகள். ஜன்னலைத் திறந்தால் இரண்டடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். காலையில் என் கணவர் உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் காடு கழனி வேலைக்கு நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது கரைத்து எடுத்துக்கொண்டு வருவார். ராகிக் கஞ்சி, மாதுளை, மறுபடி கஞ்சி. குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். அன்பில்தான் நின்றார். ஆனால் பத்தாவது நாள் அந்த டம்ளரைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டியது. சுவரில் சிமெண்டு பெயர்ந்த இடம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

மூன்றாவது வாரம் துறைத் தலைவர் போன் செய்தார்.

"பிராக்டிகல் எக்ஸாம் வருதும்மா. நீங்க இல்லாம அந்த சர்வர்ல கைய வெக்கவே பயமா இருக்கு. கறுப்பு ஸ்க்ரீன்ல எழுத்து அடிக்கறதெல்லாம் நமக்கு வராது. சாதாரண கம்ப்யூட்டர் மாதிரி ஜன்னல் ஜன்னலா தெரியணும், மவுஸ்ல அமுக்கணும். என் ரூம்ல இருந்தே பாக்கணும். ரிமோட் டெஸ்க்டாப்னு சொல்றாங்களே, அத பண்ணிக் குடுத்துருங்க."

"வூட்ல இருந்தே பண்ணிடலாம் சார்" என்றேன். என் குரலில் இருந்த அவசரம் எனக்கே கேட்டது.

மறுநாள் காலை செல்போனை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, அதன் நெட்டில் லேப்டாப்பை இணைத்தேன். செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சர்வரில் முதலில் ஜன்னலும் படமுமாகத் தெரியும் ஒரு டெஸ்க்டாப்பை நிறுவ வேண்டும். பிறகு அந்த டெஸ்க்டாப்பைத் தூரத்திலிருக்கும் கணினிக்கு அனுப்பும் மென்பொருளை நிறுவ வேண்டும். வெளியிலிருந்து ஆட்கள் வரும் வழியைத் திறக்கிறோம் என்பதால் வேண்டாதவர்களைத் தடுக்கும் ஃபயர்வாலும் போட வேண்டும். அதை அதுவரை போடாமல் விட்டிருந்தது என் சோம்பல். யாரையெல்லாம் உள்ளே விடலாம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஃபயர்வாலை ஓடவிட வேண்டும். சொல்லாமல் ஓடவிட்டால் அது எல்லோரையும் தடுத்துவிடும். இதைப் பசங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்ததே நான்தான்.

டெஸ்க்டாப் மெதுவாக இறங்கி முடிந்தது. மற்றதும் ஏறியது. ஃபயர்வாலை ஓடவிடும் கட்டளையைத் தட்டினேன். உன் இணைப்பு அறுந்துபோகலாம், பரவாயில்லையா என்று அது கேட்டது. வழிகளை அடுத்த வரியில் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஆமாம் என்றேன். அந்த நேரம் மாமியார் டம்ளரோடு வந்தார்.

"ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கற கண்ணு. இத குடிச்சுட்டுச் செத்த சாஞ்சுக்க."

குடித்தேன். சாய்ந்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து திரையைப் பார்த்தபோது இணைப்பு அறுபடாமல் அப்படியே இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். சர்வரை அணைத்து மறுபடி தொடங்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன்.

அது திரும்பி எழுந்தபோது என்னை உள்ளே விடவில்லை.

ஐந்து தடவை முயன்றேன். ஆறாவது தடவைதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. வழிகளைத் திறக்கும் வரிகளைத் தட்டாமலே, எனக்கே வழி விடாமல் பூட்டியிருந்தேன். ஏற்கெனவே உள்ளே இருந்த இணைப்பை மட்டும் ஃபயர்வால் விட்டுவைத்ததால் அது தெரியாமல் போயிற்று. பூட்டைத் திறக்க, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய், சர்வரின் கீபோர்டில் யாராவது தட்ட வேண்டும். நான் எழுந்து வாசல்வரை போனாலே மாமியார் பின்னாலேயே வருவார். வயிற்றில் குழந்தை புரண்டது. அதற்கும் என் பயம் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது.

துறைத் தலைவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. லேபின் சாவி வைத்திருக்கும் அட்டெண்டர் அக்காவைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதுக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எட்டாவது வரை படித்தவர். பெருக்குவது, கதவு திறப்பது, வருகைப் பதிவேட்டை எடுத்துப் போவது எல்லாம் அவர் வேலை. கீபோர்டைத் துடைத்திருக்கிறாரே தவிர அதில் தட்டியதில்லை.

"அக்கா, எனக்கு ஒரு உதவி பண்ணணும். சர்வர் ரூமுக்குள்ள போயி உக்காரணும்."

"நானுங்களா மேடம்? ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஏற்கெனவே ஆயிருச்சுக்கா. நான்தான் பண்ணிட்டேன்."

சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு கண்ணாடிக் கதவு திறப்பதும், ஏசியின் இரைச்சலும் கேட்டது. "உக்காந்துட்டனுங்க. பயங்கரமா குளுருது. என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

எனக்கு உட்கார முடியவில்லை, இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. இடது பக்கம் படுத்தேன். மாமியார் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவரைப் போகச் சொல்ல வழியில்லை. கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

"எம்... ஏ... ஜே... ஈ... எஸ்..."

"ஜே, வாக்கிங் ஸ்டிக்கு மாதிரி இருக்குமே, அதுங்களா?"

"அதேதான். அப்புறம் டி, ஐ, சி."

அக்கா ஒவ்வொன்றாக முணுமுணுத்துத் தேடித் தட்டினார். கடைசியில், "மெஜஸ்டிக்குங்களா மேடம்? நம்ம பெங்களூரு பஸ் ஸ்டாண்டு?" என்று சிரித்தார்.

என்டரைத் தட்டச் சொன்னேன். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்து, கல்யாணம் நிச்சயமானதால் போகாமல் விட்டேன். நேர்முகத் தேர்வுக்குப் போன நாள் நான் இறங்கிய இடம் அது. மாமியார் போனை விட்டுப் பார்வையை எடுத்து என்னை ஒரு முறை பார்த்தார்.

கட்டளை தட்டும் ஜன்னலைத் திறக்க வைப்பதற்குள் இருபது நிமிடம் ஆனது. பிறகு அதே கடவுச்சொல்லை மறுபடி தட்டச் சொன்னேன்.

"மேடம், ஒண்ணுமே வுழ மாட்டேங்குதுங்க. அமுக்கறேன், ஒரு புள்ளிகூட வரல."

"வராதுக்கா. கண்ணுக்குத் தெரியாம உள்ள போயிட்டு இருக்கு. நம்பி அடிங்க."

"இது என்னங்க இது, இருட்டுல சோறு திங்கற மாதிரி" என்றபடி தட்டினார். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. நான் வழக்கமாக வரும் வழிக்கு ஒரு வரி, ரிமோட் டெஸ்க்டாப் வரும் வழிக்கு இன்னொரு வரி. இரண்டையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு இடைவெளிக்கும் "நீளமான பட்டன ஒரு தட்டு" என்றேன். முடிந்ததும் லேப்டாப்பை வயிற்றோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உள்ளே விட்டது. மாமியார் கை வலித்துப் போனைக் கீழே வைத்தார். "ஆச்சா?" என்றார். "ஆச்சுங்கத்த" என்றேன்.

ஆனால் ஆகவில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, பிறகு முழுத் திரையும் கறுப்பாகி அப்படியே நின்றது. எதை எதையோ மாற்றினேன். கறுப்பு. மத்தியானச் சோறு வந்து ஆறிப்போனது. நாலு மணி வாக்கில்தான் ஒன்று தோன்றியது. போன் செய்தேன்.

"அக்கா, காலைல அதுல என் பேருல உள்ள போனோமே, வெளிய வந்தீங்களா?"

"இல்லீங்களே மேடம். டிவி மாதிரி இருக்குதே, அத மட்டும் அமத்திட்டு வந்தனுங்க."

அங்கே என் பெயரில் ஒரு டெஸ்க்டாப் திறந்தே இருந்தது. அது இருக்கும்வரை இங்கிருந்து அதே பெயரில் இன்னொன்றைத் திறக்க முடியாது. அக்காவை மறுபடி அங்கே உட்கார வைத்து, என் பெயரிலிருந்து வெளியே வரச் செய்தேன். மறுபடி நுழைந்தேன். நீல நிறத்தில் ஒரு திரை விரிந்தது. ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம், மேலே நேரம். என் விரலை நகர்த்தினால் அங்கே அம்பு நகர்ந்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது காலேஜிலயா இருக்குது?"

"ஆமாங்கத்த. இங்க இருந்தே எல்லாம் பண்ணலாம்."

"அப்ப நல்லதாப் போச்சு கண்ணு. இனி நீ அங்க போவவே வேண்டியதில்ல பாரு."

உண்மையான சந்தோஷத்தில் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சாயங்காலம் துறைத் தலைவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். ராத்திரி சாப்பிடும்போது என் கணவரும் சொன்னார். மூன்று பேரும் எனக்கு நல்லது நடந்துவிட்டதாக நினைத்தார்கள். நான் மட்டும், அந்த அறையிலிருந்து வெளியே போக எனக்கிருந்த ஒரே காரணத்தை என் கையாலேயே தீர்த்துவிட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பிலும் லேப்டாப்பை மூடவில்லை. குழந்தை பால் குடிக்கும்போது ஒரு கையால் மாணவர்களின் சர்வர் கணக்குகளைத் திறந்து கொடுத்தேன். விடுப்பு முடியும் நேரத்தில், வீட்டிலிருந்தே தொடரலாமே என்று கல்லூரியில் சொன்னார்கள். வீட்டில் அது ஏற்கெனவே முடிவான மாதிரி பேசினார்கள். சரி என்று சொல்லித்தான் இன்னும் நாலு மாதம் ஓட்டினேன். புளி மூட்டைகள் போய்ப் புது மூட்டைகள் வந்தன.

ஒரு நாள் சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். யார் யாரோ, எங்கெங்கிருந்தோ, இல்லாத பெயர்களைச் சொல்லி அந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய ஓயாமல் முயன்றிருந்தார்கள். பக்கம் பக்கமாக அதுதான். அதைத் தடுக்க வேறு முறைகள் உண்டு, எனக்கும் தெரியும். இரண்டு நாள் வேலை. நான் அதைச் செய்யவில்லை. துறைத் தலைவருக்கு அந்தப் பக்கங்களை அனுப்பி, இது ஆபத்து, வெளியிலிருந்து வரும் வழியை மூடிவிட்டு, கல்லூரிக்குள் இருந்து மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதினேன். நான் எழுதியதில் பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

"அப்ப நீங்க எப்படிம்மா பாப்பீங்க?" என்று கேட்டார்.

"நேர்ல வந்துடறேன் சார்."

வீட்டில் சொன்னபோது மாமியார் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு, "கொழந்தைய நான் பாத்துக்க மாட்டேன்னு நெனச்சியா? வாயத் தொறந்து போவணும்னு சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

முதல் நாள் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன். பாதி வழியிலேயே மார்பு கனத்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு லேபுக்குள் போனேன். மத்தியானம் போன் வந்தது. புட்டிப்பாலைத் துப்புகிறாள், அழுகையை நிறுத்தமாட்டேன் என்கிறாள் என்றார் மாமியார். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையிலும் கிளம்பினேன். அன்று மாலைவரை போன் வரவில்லை.