உள்ளே ஆளிருக்கிறதா என்று பார்த்துவிட்டு

மக்காச்சோள லாரி எடைமேடையில் ஏறி நின்றபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எங்கள் கோழித்தீவன ஆலையின் கணக்காளர் சரசுவதி அக்கா போய்விட்டார். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். எடையைப் பதிய எனக்குக் கை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாமக்கல் பண்ணைகளுக்கு எந்தத் தீவனம், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் எங்கள் அலுவலக மூலையிலுள்ள சர்வரில்தான் இருக்கிறது. அது நடுவேலையில் நின்று நின்று உயிரை வாங்கியதால், அக்கா வீடியோ பார்த்துத் தானே கற்று, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாமாம். அதன் சின்னமாகத் திரையில் பென்குயின் பொம்மை.

"ஏனுங்கக்கா, கோழி ஊர்ல இந்தப் பறவை எதுக்குங்க? முட்டை போடுமா?"

"போடும். நீ வாய மூடிட்டு தீனி வெச்சீன்னா."

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு, எல்லா மெஷினுக்கும் ஓய்வு தருகிற வழக்கப்படி, சர்வரின் ஒயரைப் பிடுங்கிச் சந்தனமும் பொட்டும் வைத்தேன். விடுமுறை முடிந்து வந்தால் அது எழவில்லை. லாரிகள் வரிசையில் நிற்க, அக்கா மாலைவரை போராடி எழுப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு சாமி. இனி நீயுந்தான் இதைப் பாத்துக்கோணும்."

"நான் ஏழாவதுதான் படிச்சேனுங்கக்கா."

"மெஷின் உன்ற மார்க் சீட்டையா கேக்குது?"

கருப்புத் திரையில் மூன்று ஆங்கில எழுத்து அடிக்கச் சொன்னார். அடித்தால், சர்வருக்கு உள்ளே நுழைந்து வேலையில் இருப்பவர்களின் பெயர் வரும்.

"ஆளிருக்கான்னு பாக்காம ஊட்டைப் பூட்டுவியா? மொதல்ல பாரு. அப்புறம் நிறுத்து. இனி ஒயரைத் தொட்டே, கைய ஒடச்சுப்போடுவேன்."

கடைசி நாளில் சர்வருக்குப் புதுப்பிப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். "சாப்பாட்டு நேரத்துல ஒருக்கா நிறுத்தி எழுப்போணும், மறந்துடாதே" என்றவர், நெஞ்சைப் பிடித்தபடி மேசையை விட்டு எழுந்தார். தன் பெயரில் நுழைந்திருந்த திரையை மூடாமல் அப்படியே விட்டுப் போனார்.

பாதியில் நின்ற புதுப்பிப்பால் ஆர்டர் பக்கம் திறக்கவில்லை. தீவனம் போகாமல் பண்ணைகளில் கோழிகள் கத்துகின்றன. நிறுத்தி எழுப்ப நான் ஒருவன்தான். எழாவிட்டால் கூப்பிட அக்கா இல்லை.

எடைமேடைக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்து அந்த மூன்றெழுத்தை அடித்தேன். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று என்னுடையது. மற்றது சரசுவதி.

முதலாளி வாசலில் நின்று, "இன்னும் என்னப்பா?" என்றார்.

"உள்ள ஆளிருக்காங்க" என்றேன்.

கேலி என்று நினைத்திருப்பார். என்னை அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

நிறுத்தி எழுப்பும் கட்டளையை அடித்தேன். விரல் என்டர் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பிறகு அழுத்தினேன். அலுவலக மூலைக்கு ஓடினேன்; சர்வரின் திரை இருண்டிருந்தது. சாமி பெயரெல்லாம் சொன்னேன். வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு வரிகள் ஓடத் தொடங்கின. மெஷின் எழுந்துவிட்டது.

மறுபடி உள்ளே நுழைந்து மூன்றெழுத்தை அடித்தேன். என் பெயர் மட்டும் வந்தது.

பாத்துட்டுத்தானுங்கக்கா நிறுத்துனேன். போயிட்டு வாங்க.