ஒரு மத்தியானம் போலீஸ் வண்டியாக ஓடிய அமரர் ஊர்தி

1. கிடைத்ததெல்லாம் வண்டி

போலீஸ் டிரைவர் என்றால் சைரன் வைத்த ஜீப்பில் பறந்துகொண்டிருப்பான் என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் நினைக்கிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நான் ஓட்டிய வண்டிகளைச் சொன்னால் சிரிப்பார்கள். ஷேர் ஆட்டோவில் செயின் திருடனைத் துரத்தியிருக்கிறேன். ஐஸ் பெட்டியோடு நின்ற மீன் வண்டியில் கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு காசிமேட்டு அடிதடிக்குப் போயிருக்கிறேன். அன்று சட்டையில் ஏறிய வாடை எத்தனை துவைத்தும் போகவில்லை. வீட்டில் பூனைக்கு மட்டும் என்மேல் மரியாதை கூடியது.

ஒரு கம்பெனிக்காரர்கள் ரோந்துக்கென்று பேட்டரி வண்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பணக்காரர்கள் பந்தடிக்கிற மைதானத்தில் ஓடுமே, அந்த வகை. கதவே கிடையாது. கைதியை இந்தப் பக்கம் ஏற்றினால் அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடுவான். பேப்பரில் போட்டோ வந்ததோடு அதன் ஆயுள் முடிந்தது.

இப்படிக் கண்ட வண்டியிலும் ஏற வேண்டியிருந்ததற்குக் காரணம் எங்கள் ரோடுதான். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் சைரன் அடித்தாலும் சங்கு ஊதினாலும் ஜீப் நகராது. எந்த வண்டிக்குச் சந்து கிடைக்கிறதோ அதுதான் அன்றைக்குப் போலீஸ் வண்டி.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வேன். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

2. வே பிரிட்ஜ் ரூம்

எர்ணாவூர் தாண்டி, லாரிகளை எடை போடுகிற ஒரு வே பிரிட்ஜ். அதன் வாசலில் ரிவர்ஸ் எடுத்த டிரெய்லர், மீன் கூடையோடு வந்த அஞ்சலை அக்காவின் காலில் ஏறிவிட்டது. பக்கத்துக் குப்பத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆட்டோ திரும்பி வருவதற்குள் அக்கா செத்துவிட்டார் என்ற பேச்சு குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அது பொய். ஆனால் கேட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

டிரெய்லர் டிரைவர் செல்வம், காலடிப்பேட்டைக்காரர். அவரைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தபோது, டியூட்டிக்கு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த எங்கள் கான்ஸ்டபிள் ஸ்டெல்லா உள்ளே புகுந்து அவரை இழுத்துக்கொண்டு வே பிரிட்ஜ் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். ராயபுரத்துப் பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. தகரக் கதவு. அதற்குப் பின்னால் அவளும், மண்டை உடைந்த ஒரு ஆளும். வெளியே ஊர்.

நான் இன்ஸ்பெக்டரோடு போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. நீல டீ-ஷர்ட் போட்ட ஒரு பையன் இரும்பு ராடால் ஜீப்பின் முன் கண்ணாடியை ஒரே அடியில் இறக்கினான். டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, அதையும் தட்டித் திருப்பி அனுப்பினார்கள். டிரெய்லர் டிரைவரைப் பிழைக்க வைக்கத்தான் அது வந்திருக்கிறது என்பது அவர்கள் கட்சி. கூடுதல் போலீஸ் கேட்டு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டோம். அந்த வண்டி டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது.

ஸ்டெல்லா போனில் பேசினாள். ரத்தம் நிற்கவில்லை, ஆள் வாந்தி எடுக்கிறார், கதவின் கீல் ஒன்று கழன்றுவிட்டது என்றாள். குரலில் அழுகை இல்லை.

இன்ஸ்பெக்டர் மதுரைக்காரர், நிதானமானவர். ஜீப்புக்குப் பின்னால் குனிந்து நின்றபடி என்னிடம் கேட்டார்: "ஏழுமலை, போலீஸ் வண்டியும் போகாது, ஆம்புலன்ஸும் போகாது. வேற எந்த வண்டிக்குத்தான்யா இந்த ஜனங்க வழி விடுவாங்க?"

எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன். "சாவு வண்டிக்கு விடுவாங்க, ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வரும் வழியில் டீக்கடை ஓரமாக ஓர் அமரர் ஊர்தி நின்றதை இரண்டு பேருமே பார்த்திருந்தோம்.

3. உயிரோடு ஏறக்கூடாத வண்டி

எங்கள் பக்கத்து ஜனங்களைப் பற்றிச் சினிமாக்காரர்கள் என்னவோ காட்டுகிறார்கள். ஒன்றைக் காட்டுவதில்லை. பரம எதிரி வீட்டுப் பிணம் போனாலும் இங்கே தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவன்கூட எழுந்து வழிவிடுவான். செத்தவனோடு சண்டை கிடையாது.

அந்த வண்டி ஒரு மன்றத்துக்காரர்கள் இலவசமாக விட்டிருந்தது. நான் டீக்கடைக்கு ஓடியபோது, சுடுகாட்டில் ஒருவரை இறக்கிவிட்டு வந்து, டிரைவர் பாஸ்கர் டீ குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணே, உசுரோட கீறவன இதுல படுக்க வெச்சா, வண்டி அவன வுடாதுண்ணே. நம்ம தொழில்ல அத்த செய்யமாட்டாங்க."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஏற்றாவிட்டால் கொஞ்ச நேரத்தில் எப்படியும் இதில்தான் ஏற்றப் போகிறோம் என்றேன். சாவியை என் உள்ளங்கையில் போட்டான். தான் மட்டும் வரவே மாட்டேன் என்றான். அவன் சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, என் காக்கிச் சட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

இன்ஸ்பெக்டர் ஜீப் ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்தார். டிரைவர் இறந்துவிட்டார், உடலை எடுக்க வண்டி வருகிறது, வழி விடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அத்தனை பெரிய சத்தம் அப்படி நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. அடித்தவர்கள் முதலில் நழுவினார்கள். கொலைக் கேஸில் மாட்ட யாருக்கு ஆசை? மிச்சம் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். நீல டீ-ஷர்ட் பையன் மட்டும் ராடைக் கீழே போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

அந்த வண்டியை வேகமாக ஓட்ட முடியாது. பிணத்துக்கு என்ன அவசரம்? ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கத் துடிக்கிறது, நான் அதைப் பிடித்துவைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் முகங்கள். ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டால் தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் போனில் சொல்லி வைத்திருந்தபடி ரூம் கதவைத் திறந்த ஸ்டெல்லாவும் நானும் செல்வத்தை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடினோம். அவள் குனிந்து அவர் காதில், "அண்ணா, இன்னா ஆனாலும் கண்ண தொறக்காத," என்றாள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துணிக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. வண்டித் தரையில் காலையில் போனவரின் மாலைகள் கிடந்தன. ஸ்டெல்லா ஒரு நொடி தயங்கினாள். பிறகு அவற்றை அள்ளி அவர் நெஞ்சின்மேல் குவித்தாள்.

4. கதவு

மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்து பானட்டின்மேல் விழுந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன்.

செல்வத்தின் மனைவி வசந்தி. ரூமுக்குள் மாட்டிக்கொண்டதும் அவர் இவளுக்குத்தான் போன் செய்திருக்கிறார். பாதி வழியில் யாரோ ஒருவர் "உன் புருசன் பூட்டாம்மா" என்று சொல்லிவிட்டார்.

"மூஞ்ச காட்டுங்க சார். ஒரே ஒருவாட்டி மூஞ்ச காட்டிட்டு இட்டுகினு போங்க."

ஆஸ்பத்திரியில் வந்து பாரும்மா என்றேன். அவள் காதில் விழவில்லை. ஆனால் கூட்டத்தின் காதில் விழுந்துவிட்டது. பெண்டாட்டிக்கு முகம் காட்டாமல் பிணத்தை எடுக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? ஒதுங்கி நின்றவர்கள் திரும்பவும் வண்டியைச் சூழ்ந்தார்கள். எங்களுக்கு எந்த வழக்கம் வழி விட்டதோ, அதே வழக்கம் இப்போது எங்களை மறித்துக்கொண்டது. நீல டீ-ஷர்ட் பையன் முன்னால் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"அந்தக்கா பாக்கட்டும் சார். அதுங்கூட வுடலன்னா இன்னா மனுசங்க நீங்க?" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவை அவனே திறந்தான்.

எனக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிதான். அதில் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை கியரிலிருந்து எடுக்கவில்லை. அவன் ஒரு எட்டு உள்ளே வைத்தால் போதும். மாலை அசைவதைப் பார்த்துவிடுவான். அந்தக் கூட்டம் ஏமாற்றப்பட்டது என்று தெரிந்தால் செல்வத்தை மட்டுமா விடாது? ஸ்டெல்லாவையும் விடாது. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன்.

ஸ்டெல்லா வசந்தியின் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். வாசலை அடைத்தபடி உட்கார வைத்தாள். வசந்தி துணியை முகத்திலிருந்து விலக்கினாள்.

ஸ்டெல்லா சொன்னபடியே செல்வம் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பெண்டாட்டி குரல் கேட்டிருக்கிறதே. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

வசந்தியின் அழுகை சட்டென்று நின்றது. அந்த நிமிஷம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். புருஷன் உயிரோடிருப்பதைப் பார்க்கிற எந்தப் பெண்ணும் கத்துவாள். அவள் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் அவர் கண்ணை ஒற்றிவிட்டு, துணியைப் பழையபடி இழுத்து மூடினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதும்ப்பா. பாத்துட்டேன். கதவ சாத்து."

அவன் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

5. ஆஸ்பத்திரி

மெயின் ரோட்டில் டிரெய்லர்காரர்கள் சாவு வண்டியைப் பார்த்ததும் அவரவர் வண்டியை ஒடித்து ஒதுக்கினார்கள். என் சர்வீசில் அந்த ரோட்டில் அவ்வளவு சுலபமாக எந்த ஜீப்பிலும் போனதில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி வண்டியை நிறுத்தி, மார்ச்சுவரி அந்தாண்டப் பக்கம் என்று கை காட்டினார். "உசுரு கீதுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் எமர்ஜென்சியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

செல்வம் பிழைத்துவிட்டார். தலையில் தையல், வலது கையில் மாவுக்கட்டு. அஞ்சலை அக்காவும் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் தப்பியது, ஒரு கால் போயிற்று. நான் அவரையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் குப்பத்தின் கோபத்தைத் தப்பென்று முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை வராந்தாவில் வசந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகும் எழவில்லை. வலது கை இறுக மூடியே இருந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பிரித்தாள். உள்ளே அறுந்த மஞ்சள் கயிறு, தாலியோடு.

"ரோட்லயே அறுத்துட்டேன் சார்," என்றாள். "அவுரு உசுரோட கீறாரு. நான் அறுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரைக் காப்பாற்ற எங்களுக்கு வேறு வழி இல்லம்மா என்றார். அது உண்மைதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"வேற வழி இல்ல, சரி சார். எனக்கு ஒரு போன் பண்ண ஆளு இல்லியா?"

கூட்டம் என்ன நினைக்கும், ரோடு எப்படி விடும், எந்த கியரில் போக வேண்டும் என்றெல்லாம் யோசித்தோம். நாங்கள் சொல்கிற பொய்யை உண்மையென்று நம்பப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி என்பது தோன்றவில்லை. இப்போது வேலைக்கு வருகிற டிரைவர் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுங்கள். மீன் வண்டி, பிண வண்டி, எது கிடைத்தாலும் சரி. சாவியைத் திருகுவதற்கு முன்னால், வீட்டுக்கு யார் சொல்வது என்று அதிகாரியிடம் கேளுங்கள். திட்டினாலும் கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த இன்ஸ்பெக்டர் எங்கள் ஸ்டேஷனில் இருந்த வரை, வீட்டுக்கு யார் சொல்வது என்பதை நான் கேட்காமலே அவர் சொல்லிவிடுவார்.

மறுநாள் ஸ்டெல்லா புதுக் கயிறு வாங்கி மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். வார்டில் செல்வத்தைச் சாய்த்து உட்கார வைத்தோம். வசந்தி கட்டிலோரம் வந்து குனிந்தாள். அவருக்கு இடது கை மட்டும்தான். நர்ஸ் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, எப்படியோ ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை.

வசந்தி குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "மிச்ச ரெண்டு முடிச்சு நாத்தனார்தான் போடணும். நீயே போட்டுடு," என்றாள்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. பிறகு தொப்பியைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடே குனிந்து, இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள்.